மஞ்சக் குதிரைக்காரனும் வாசற்படிப் பிள்ளையும்

மன்னார்குடியில் சித்தப்பா வீட்டு மாடி அறையில் ஒரே கம்ப்யூட்டர், இரண்டு கட்சி. கம்ப்யூட்டர் கேம் என்றால் நான் கதைக் கட்சி. பத்தாவது படிக்கும் தம்பி ஆட்டக் கட்சி. வசனம் வந்தாலே பட்டனைத் தட்டித் தாண்டிவிடுவான். ஒரு கதாபாத்திரமாகவே மாறி ஆடுகிற ரோல் பிளேயிங் கேமில் வசனத்தைத் தாண்டுவது, கல்யாணத்துக்குப் போய் நேராகப் பந்தியில் உட்காருகிற மாதிரி என்பேன். "எல்லாரும் அதுக்குத்தானே வர்றாங்க, அண்ணே?" என்பான்.

என் கட்சிக்குச் சாட்சி 2015-இல் வந்த விட்சர் 3. அதில் ஒரு கோட்டைத் தலைவன், குடிகாரன், பெண்டாட்டியை அடித்தவன். மனைவியும் மகளும் காணோம், தேடித் தா என்று நாம் ஆடுகிற நாயகன் கெரால்ட்டிடம் கேட்கிறான். தேடப் போனால், கலைந்துபோன கரு ஒன்று பெயர்கூட இல்லாமல் புதைக்கப்பட்டுப் பேயாக அலைவது தெரிகிறது. அதைக் கொன்றுவிடலாம். இல்லையென்றால், அந்த ஆளே அதைக் கையில் ஏந்திக்கொண்டு கோட்டைக்கு நடந்து வந்து, வாசற்படிக்கு அடியில் புதைத்து, பெயர் வைக்க வேண்டும். நான் தமிழில் சொல்லிக்கொண்டே ஆடினேன். காபி டம்ளரோடு படியில் நின்ற சித்தி, "பேரு வெச்சானா இல்லையா?" என்று கேட்டார்.

ஆனால் சண்டை? வெட்டு, உருளு, மறுபடி வெட்டு. ஐம்பது மணி நேரம் போனாலும் பெரிதாக எதுவும் மாறாது. கதைக்காகப் பொறுத்துக்கொள்கிறேன்.

தம்பியின் சாட்சி 2022-இல் வந்த எல்டன் ரிங். திறந்த வெளிக்கு வந்ததுமே பொன்கவசக் குதிரைவீரன் ஒருவன் சுற்றிக்கொண்டிருப்பான். நம்மிடம் அப்போது குதிரைகூடக் கிடையாது. இரண்டு மூன்று அடியில் ஆள் காலி. இவனிடம் இப்போது போகாதே என்று ஆட்டம் வாயைத் திறந்து சொல்லாது. தம்பி அவனுக்கு 'மஞ்சக் குதிரைக்காரன்' என்று பெயர் வைத்து, ஒரு சாயங்காலம் முழுக்க அவன் கையில் செத்தான். அப்புறம் வேறு பக்கம் போய், ரூன் (எதிரிகளை வீழ்த்தினால் கிடைக்கும் புள்ளி) சேர்த்து, லெவல் ஏற்றி, குதிரையும் கிடைத்து, நாலு நாள் கழித்துத் திரும்பினான். ஆயுதம் ஓங்குகிற நேரம் பார்த்து ஒதுங்கி ஒதுங்கியே அடித்து வீழ்த்தினான். அன்று ராத்திரி சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு அவன் சொன்னது முழுநீளக் கதை. அதில் ஒரு வரிகூட ஆட்டத்தை எழுதியவர்கள் எழுதியதில்லை. (கரண்ட் போனாலும் எல்டன் ரிங் பெரும்பாலும் விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்ப ஆரம்பிக்கும். எங்கள் ஊரில் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.)

கதை மட்டுமே போதும் என்பவர்களுக்கு 2019-இன் டிஸ்கோ எலிசியம் இருக்கிறது. சண்டைக்கென்று தனி முறையே கிடையாது, எல்லாம் பேச்சுதான். பத்து லட்சத்துக்கும் மேல் சொற்கள். எனக்குப் பிடித்த ஆட்டம் அது. தமிழ் மீடியத்தில் படிக்கும் தம்பிக்கு முடிவே இல்லாத ஆங்கிலப் பரீட்சைத் தாள். இந்த ஆட்டங்கள் எதிலும் தமிழ் கிடையாது. பொறுமை இல்லாமல்தான் வசனத்தைத் தாண்டுகிறான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது, அவ்வளவுதான். கதையா ஆட்டமா என்று ரசனையை வைத்துச் சண்டை போடுகிறோம். பாதி பேருக்கு அது மொழிச் சிக்கல்.

அதற்காகக் கதையே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு, கதை ஒரே வரி. அந்த ஒரு வரியையும் எடுத்துவிட்டு வெறும் கல்லாக நகர்த்தச் சொன்னால் திண்ணையில் யார் உட்காருவார்கள்?

இரண்டும் சேர்ந்தது 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3. பேசி ஏமாற்றுவதா, மிரட்டுவதா என்று நீங்கள் முடிவுசெய்ததும் 20 முகப் பகடை உருளும். தாயம் விழாத கோபத்தோடு, விழாததால் கதை எங்கே திரும்புகிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கும். தம்பி தாண்டாமல் உட்கார்ந்து பார்த்த வசனங்கள் இதில்தான்.

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால், முனகிக்கொண்டே ஆட்டத்தின் பக்கம் கை தூக்குவேன். விட்சர் 3-இன் கதையை யாராவது எனக்குச் சொல்லிவிட முடியும். மஞ்சக் குதிரைக்காரனை எனக்காக இன்னொருவர் அடித்தால் அதில் எனக்கு ஒன்றும் இல்லை.

இப்போது விட்சரை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம். சண்டைக்கு அவன், வசனத்துக்கு நான். படியில் நின்ற சித்தி உள்ளே நாற்காலி போட்டுவிட்டார்.