ரூஃப் ரேக்: பல பனிக்காலம் இழுத்த பிறகு எழுதறேன்

ஃப்ரெண்ட் ஒருத்தர் கேட்டார், கூரை ஓரத்துல ஐஸ் கட்டி நிக்குது, சீலிங்ல மஞ்சக் கறை விழுந்திருக்கு, ரூஃப் ரேக் (தரைல நின்னே கூரைப் பனியை இழுத்துத் தள்ளற நீளக் கம்பு) வாங்கறதா ஹீட் கேபிள் போடறதான்னு. ரெண்டுமே எங்க வீட்ல இருக்கு. கேபிளைப் பத்தி ரெண்டு வரி போதும், அது ஓடற தடத்துல மட்டும் ஐஸை உருக்கி தண்ணி இறங்க வழி விடும், மத்த இடத்துல ஐஸ் அப்படியே தான் இருக்கும், கரண்ட்டும் இழுக்கும். ரேக்கைப் பத்தி தான் எனக்கு நிறைய இருக்கு, முக்கியமா அந்த பட்டனைப் பத்தி.

அலுமினியக் கம்புத் துண்டுகளை ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி 20 அடி கிட்ட நீட்டறோம் இல்லையா, அந்த ஜாயின்ட்ல ஒரு ஸ்பிரிங் பட்டன் இருக்கும். இழுக்கும்போது கம்பு வழியா பனி இறங்கி ஜாயின்ட்ல உக்காரும், கையோட சூட்டுல கொஞ்சம் உருகும், அப்புறம் உறையும். அவ்ளோ தான், பட்டன் உள்ள போகவே போகாது. மைனஸ் 10ல கிளவுஸைக் கழட்டிட்டு வெறும் விரலால அந்த உலோகத்தை அமுக்கிப் பாருங்க, தெரியும். கழட்ட முடியலன்னா முழு நீளக் கம்பை கராஜுக்குள்ள கொண்டுபோகவும் முடியாது, வெளியவே சாத்தி வெக்கணும், காலைல இன்னும் இறுகியிருக்கும். சுடுதண்ணி ஊத்தினா அந்த நிமிஷத்துக்கு விடும், ஆனா அதே தண்ணி அடுத்து ஐஸாகி மறுபடி பிடிச்சுக்கும். சிலிக்கோன் ஸ்பிரே அடிச்சு வெச்சா பரவால்ல, கொஞ்ச நாள் ஓடும்.

இதை விட மோசம் என்னன்னா, வருஷம் ஆக ஆக பட்டன் உக்கார்ற ஓட்டை தேஞ்சு நீள்வட்டமாயிடுது. அப்புறம் கம்போட நுனில பனியை இழுக்கற பிளேடு நேரா நிக்காது, இழுக்கும்போது ஒரு பக்கமா திரும்பும், அதுல இருக்கற சின்ன வீல் கூரையைத் தொடாம பிளேடோட முனை ஷிங்கிளை (கூரை மேல ஓடு மாதிரி அடுக்கி அடிக்கற தகடு) சுரண்டும். குளிர்ல ஷிங்கிள் சட்டுனு உடையற நிலைல இருக்கும், மேல இருக்கற மணல் மாதிரி துகள் உதிர்ந்தா அதோட ஆயுசே குறையும். கூரையைக் காப்பாத்த வாங்கின சாமான் கூரையைச் சுரண்டுதுன்னா எனக்குக் கோபம் வராம என்ன செய்யும்!

சரி, நியாயமாவும் சொல்லணும். வேலை செய்யுதான்னு கேட்டா, நிச்சயமா செய்யுது. வீட்டுச் சூடு அட்டிக் (சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவுல இருக்கற இடம்) வழியா மேல ஏறி கூரையைச் சூடாக்கும், பனியோட அடிப்பக்கம் உருகி தண்ணியா இறங்கும், ஓரத்துல கீழ வீடு இல்லாததால அங்க வந்ததும் உறைஞ்சு ஒரு வரப்பு மாதிரி கட்டிக்கும். பின்னாடி வர்ற தண்ணி அதுல தேங்கி ஷிங்கிளுக்கு அடில ஏறி உள்ள கசியும். கீழ் ஓரத்துல ஒரு 3, 4 அடிக்குப் பனியை இழுத்துட்டா அந்த வரப்பு கட்ட அங்க சரக்கு இல்ல, வெயில் பட்டா கருப்பு ஷிங்கிள் சீக்கிரம் காஞ்சுடும். முழுசா வழிச்சு எடுக்கக் கூடாது, ஒரு இஞ்ச் பனி இருந்துட்டுப் போகட்டும். பெய்ஞ்ச உடனே இழுத்தா பஞ்சு மாதிரி வரும், ரெண்டு நாள் விட்டு ஈரம் ஏறினா தோள்பட்டை போயிடும். சில சமயம் நீங்க இழுத்த கோட்டுக்கு மேல புதுசா சின்ன ஐஸ் கட்டும், அதையும் கண்ணுல வெச்சுக்கணும்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒண்ணு, ரேக் வந்ததுக்கு அப்புறம் தான் தரைல நின்னு கூரையை உத்துப் பாக்கற பழக்கம் வந்துச்சு. லேசா பனி விழுந்த காலைல எந்த இடம் முதல்ல உருகி வெறுமையா தெரியுதோ அங்க தான் சூடு தப்பிக்குது. எங்களுக்கு பாத்ரூமுக்கு நேர் மேல ஒரு திட்டு. அட்டிக்ல ஏறிப் பாத்தா எக்ஸாஸ்ட் ஃபேன் குழாய் கழண்டு கிடக்கு, ஈரக்காத்து பூரா அங்கயே கொட்டி, ஆணி முனையெல்லாம் வெள்ளையா உறைபனி. குழாயை மாட்டி, சுத்தி இருந்த இடுக்கையெல்லாம் அடைச்சு, அதுக்கு மேல இன்சுலேஷன் போட்டோம், சாஃபிட் வென்ட்டை (கூரை ஓரத்துக்கு அடில இருக்கற காத்துத் துவாரம்) மூடாம விட்டு. அதுக்கு அப்புறம் ஓரத்துல ஐஸ் பாதி கூட இல்ல.

ரெண்டு விஷயம் மட்டும் தயவுசெஞ்சு கேளுங்க. பக்கத்துல கரண்ட் ஒயர் போச்சுன்னா அலுமினியக் கம்பைத் தூக்கவே தூக்காதீங்க. இழுத்த பனி சுவரோரம் விழுந்து ஹீட்டரோட புகைக்குழாய் வாயை அடைச்சா கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ள திரும்பும், உயிர் போற விஷயம், முதல்ல அதைத் தோண்டி விட்டுட்டு அப்புறம் காபி குடிக்கப் போங்க.

ஆக ஃப்ரெண்டுக்கு என் பதில், கறை வந்தாச்சுன்னா காத்திருக்க நேரமில்ல, ரேக் வாங்கி இன்னிக்கே இழுங்க, கட்டின ஐஸை சுத்தியலால தட்டாதீங்க, பனிக்காலம் முடியறதுக்குள்ள அட்டிக்கை யாராவது ஒருத்தரை விட்டுப் பாக்கச் சொல்லுங்க. ஆனா நான் வெச்சிருக்கற இந்த பட்டன் மாடல் வேண்டவே வேண்டாம். இவ்ளோ உழைச்சிருக்கு, இவ்ளோ பாராட்டிட்டேன், இருந்தாலும் மறுபடி இதை வாங்க மாட்டேன். வெளிப்பக்கம் போல்ட் போட்டு கிளவுஸோடயே முறுக்கற மாதிரி ஜாயின்ட் இருக்கான்னு கைல எடுத்துப் பாத்து வாங்குங்க.