தோற்ற மறுநொடி

பெரம்பூரில் அக்கா வீட்டில் ஒரு சட்டம் உண்டு. முழுப்பரீட்சை லீவில் பையன் ஒரே ஒரு வீடியோ கேம்தான் வைத்துக்கொள்ளலாம். இந்த வருடம் அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. "நல்ல கேமா பாத்துச் சொல்லு மாமா" என்றான். ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறான். சூப்பர் மாரியோ, கேண்டி க்ரஷ், பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா), செலஸ்ட் என்று நாலு பெயரை எடுத்து வைத்தோம்.

கிராஃபிக்ஸ், கதை, எத்தனை மணி நேரம் ஓடும் என்பதையெல்லாம் நான் பெரிதாகப் பார்க்கவில்லை. தோற்ற மறுநொடி என்ன நடக்கிறது என்று பார்த்தேன். எவ்வளவு நன்றாக ஆடுகிறவனும் ஜெயிப்பதைவிடத் தோற்பதுதான் அதிகம். அந்த நொடியில் நம்மை மரியாதையாக நடத்தும் கேம்தான் நல்ல கேம் என்பது என் கட்சி.

மாரியோவில் தொடங்குகிறேன். 1985-ல் நின்டெண்டோ என்ற ஜப்பானிய நிறுவனம் வெளியிட்டது. என் வயதுக்காரர்களுக்கு அது டிவி கேம் காலம். பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய பெட்டி, படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊதிவிட்டுத் திரும்பச் செருகுவோம். முதல் லெவலின் முதல் சில அடிகளை இன்று பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. மாரியோ திரையின் இடது பக்கம் நிற்கிறான், வலது பக்கம் முழுக்கக் காலி இடம். எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நடந்தால் எதிரே உர்ரென்ற முகத்தோடு கூம்பா என்ற எதிரி வருகிறது. சும்மா நின்றால் மோதிச் சாவோம். மூன்று லைஃபில் ஒன்று போய்விட்டது, ஆனால் ஆட்டம் தொடங்கிச் சில நொடிகள்தான் ஆகியிருக்கும், பெரிய நஷ்டமில்லை. அடுத்த தடவை தானாகவே குதிக்கிறோம்.

அப்புறம் கேள்விக்குறி போட்ட கட்டையை இடித்தால் ஒரு காளான் வெளியே வருகிறது. பார்க்கக் கொஞ்சம் கூம்பா மாதிரியே இருப்பதால் விலகத் தோன்றும். அதுவோ வலது பக்கம் ஓடி, குழாயில் முட்டி, நம்மை நோக்கியே திரும்பி வருகிறது. பட்டதும் மாரியோ பெரியவனாகிறான். மாரியோவை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோவும் டகாஷி டெசுகாவும் இதையெல்லாம் திட்டம் போட்டே அமைத்ததாகப் பிற்காலப் பேட்டி ஒன்றில் விளக்கியிருக்கிறார்கள். ஒரு வரி எழுத்துகூட இல்லாத பாடம். தமிழ் மட்டும் தெரிந்த குழந்தையும் ஜப்பானியக் குழந்தையும் ஒரே வேகத்தில் கற்றுக்கொள்ளலாம்.

குறையும் உண்டு. எட்டு உலகம், ஒவ்வொன்றிலும் நாலு லெவல், மொத்தம் 32. ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழியே கிடையாது. ஏழாவது உலகத்தில் இருக்கும்போது கரண்ட் போய், மறுபடி முதல் கூம்பாவிலிருந்து தொடங்கிய மதியங்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. நான் செய்யாத தப்புக்குக் கிடைத்த தண்டனை அது.

கேண்டி க்ரஷைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 2012-ல் வந்தது, அக்காவே ஆடுகிறாள். பெரம்பூரிலிருந்து சென்ட்ரல் வரை எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஆட அதைவிடத் தோதான ஆட்டம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலிருந்து எந்த நிற மிட்டாய் விழும் என்பது நம் கையில் இல்லை. தாயம் ஆடும்போது தாயம் விழாமல் உட்கார்ந்திருப்போமே, பல லெவல்களில் அந்த உணர்வுதான். தாயத்திலாவது பக்கத்தில் பாட்டி இருப்பாள். இங்கே தோற்ற மறுநொடி, கேமுக்குள் பணம் மாதிரி இருக்கும் தங்கக் கட்டிகளைக் கொடுத்தால் இன்னும் ஐந்து நகர்த்தல் தருகிறேன் என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. ஐந்து லைஃபும் போனால் ஒன்று திரும்ப வர அரை மணி நேரம். எங்கே தப்பு செய்தேன் என்று யோசிக்க வேண்டிய நொடியில் கடையைத் திறந்து வைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பையனுக்கு இது வேண்டாம்.

பிஜிஎம்ஐதான் கடினமான போட்டி. பையனின் மனசு அதில்தான் இருந்தது. 100 பேர் பாராசூட்டில் குதித்து, கடைசிவரை உயிரோடு இருப்பவர்கள் ஜெயிக்கும் ஆட்டம். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் அனுமதி வேண்டும், அது வேறு விஷயம். கேமின் வரைபடத்தில் இருக்கும் போச்சின்கி என்ற ஊரில் இறங்கி, துப்பாக்கி தேடிக்கொண்டிருக்கும்போதே சுட்டுவிடுவார்கள். "எங்கேர்ந்துடா சுட்டான்?" என்ற கேள்விக்குப் பல நேரம் பதிலே கிடைக்காது. சாயங்காலம் நெட் திணறும்போது இன்னும் மோசம். சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் குண்டு பட்டு விழுவோம்.

ஆனாலும் இதில் ஒன்று இருக்கிறது, மற்ற மூன்றிலும் இல்லை. செத்த பிறகு கூட்டாளியின் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். "மச்சான், பின்னாடி பாரு, மாடியில ஒருத்தன்" என்று காதுக்குள் கத்தலாம். தோற்றவனும் ஆட்டத்தில்தான் இருக்கிறான். பையன் போன வருடம் வீடு மாறி வந்தவன், பழைய தெருப் பசங்களோடு இப்படித்தான் பேசுகிறான். அதை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

செலஸ்ட் 2018-ல் வந்தது. மேடலின் என்ற பெண் ஒரு மலை ஏறுகிறாள், அவ்வளவுதான். குதிக்கலாம், பிடித்து ஏறலாம், காற்றில் ஒரு தடவை பாயலாம். நான்கில் இதுதான் நம்மை அதிகம் கொல்லும் கேம். ஆனால் செத்ததும் அதே திரையின் தொடக்கத்தில் உடனே நிற்கிறோம். காத்திருப்பு இல்லை, லைஃப் கணக்கு இல்லை, விற்பனை இல்லை. கண்ணுக்குத் தெரியாத கருணையும் உண்டு: விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை குதிக்க விடுகிறது. மேடலினை இயக்கும் நிரலை உருவாக்கியவர்களே வெளியிட்டிருக்கிறார்கள், அதில் இந்த எண்ணைப் பார்க்கலாம். அதனால் விழுந்தால் கேம் ஏமாற்றியது என்று சொல்ல வாய் வராது. ரொம்பக் கஷ்டமாக இருந்தால் வேகத்தைப் பாதியாகக் குறைக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். மேடலினின் மனப்பதற்றம்தான் கதையின் மையம். உரையாடல்கள் தமிழில் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். சில இடங்களில் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

செலஸ்டையே சொன்னேன். பிஜிஎம்ஐ-க்கு ஈடாக, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தெருப் பசங்களை வீட்டுக்குக் கூப்பிட அக்காவைச் சம்மதிக்க வைத்தேன். ரிச்சி தெருவில் ஒரு கன்ட்ரோலர் வாங்கி லேப்டாப்பில் செருகிக் கொடுத்தேன்.

முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஆடினான். இரண்டாம் நாள் முட்கள் நிறைந்த ஒரு திரையில் மாட்டிக்கொண்டான். நாக்கைப் பல்லில் கடித்தபடி, கட்டைவிரல் நுனி வெளுத்துப்போகும் அளவுக்குப் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தான். விழுந்தான், எழுந்தான், விழுந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. இருபது தடவைக்கு மேல் போயிருக்கும். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சீக்கிரம் பாஞ்சிடறேன் மாமா. சுவத்தப் புடிச்சிட்டு ஒரு செகண்டு நிக்கணும்" என்றான். நின்றான். தாண்டினான்.

அத்தியாயம் முடிந்ததும் எத்தனை தடவை செத்தான் என்ற எண் வந்தது. 214. அதை போட்டோ எடுத்துப் பழைய தெருப் பசங்களின் குரூப்பில் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை யார் இதைவிடக் குறைவாகச் செத்து முடிக்கிறார்கள் என்று பந்தயம் கட்டியிருக்கிறான்.