சர்வீஸ் நிறுவனம் நம் கணினியில் எதை விட்டுப் போகிறது என்று பாருங்கள்

வருடப் பராமரிப்புக்குக் காசு வாங்கும் ஒரு சர்வீஸ் நிறுவனம், எங்கள் கணக்குக் கணினியில் எங்களுக்கே தெரியாமல் ஒரு ரிமோட் சாஃப்ட்வேரை, அதாவது வேறு இடத்திலிருந்தே நம் கணினியை இயக்க உதவும் சாஃப்ட்வேரை, போட்டு வைத்திருந்தது. இந்தப் பக்கம் யாரும் 'சரி' என்று அழுத்தாமலேயே உள்ளே வரலாம். பாஸ்வேர்டு தெரிந்தால் போதும். கேட்டால் மழுப்பல்.

அலுவலகம் மூடிய பிறகும் அந்த ஒரு கணினி மட்டும் இணையத்தில் எதனுடனோ தொடர்பில் இருப்பதாக ரூட்டர் காட்டியது. அவர்களைக் கூப்பிட்டோம். "விண்டோஸ் அப்டேட் சார், எல்லா சிஸ்டத்திலும் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார் வந்தவர். விண்டோஸ் தானாகப் பல இணைப்புகளை எடுக்கும் என்பது உண்மைதான், அதற்கெல்லாம் பதற வேண்டாம். ஆனால் அப்டேட் என்றால் வேலை முடிந்ததும் அடங்கிவிடும். இது விடாமல் ஒரே முகவரியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பிறகு நாங்களே தேடினோம். கட்டளைகளை டைப் செய்யும் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ என்ற மூன்று குறிகளோடு (netstat -ano) கொடுத்தால், ஒவ்வொரு இணைப்புக்கும் நேராகக் கடைசியில் ஓர் எண் வரும். டாஸ்க் மேனேஜரில் அதே எண்ணைத் தேடினால் இணைப்பை எடுப்பது எந்த புரோகிராம் என்று தெரியும். பார்த்தால், பின்னணியில் ஓடும் விண்டோஸின் சொந்த 'சர்வீஸ் ஹோஸ்ட்' புரோகிராம் போலவே பெயர். அசல் இருப்பது சிஸ்டம்32 ஃபோல்டரில்; இது புரோகிராம்டேட்டா என்ற வேறு ஃபோல்டருக்குள் இருந்தது. ஃபைலின் ப்ராபர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர் (தயாரித்த நிறுவனத்தின் மின் கையெழுத்து) பகுதியைத் திறந்ததும் விஷயம் வெளியே வந்தது. பெயரை மாற்றினாலும் கையெழுத்து மாறாது. எல்லோரும் பயன்படுத்தும் ரிமோட் சாஃப்ட்வேர்தான். முறையான சாஃப்ட்வேர் என்பதால் ஆன்டிவைரஸ் வாயே திறக்கவில்லை. உள்ளிருந்து 443 போர்ட் வழியாக வெளியே போகும் இணைப்பு என்பதால் ஃபயர்வாலும் தடுக்கவில்லை. சாதாரண வெப்சைட்டுகள் போவதும் அதே வழிதானே.

நிறுத்தினோம். கொஞ்ச நேரத்தில் திரும்ப ஓடியது. புரோகிராம்களைத் தானாக ஓட வைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் அதை எழுப்பிவிட ஒரு வேலை பதிவாகியிருந்தது. உருவாக்கிய தேதி, அவர்கள் பிரிண்டர் மாட்ட வந்ததற்குத் தந்த பில்லில் இருந்த அதே தேதி.

பில்லைக் காட்டியதும் பேச்சு மாறியது. "உங்கள் வசதிக்காகத்தான் போட்டோம்" என்றார்கள். பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டோம். எல்லா கஸ்டமருக்கும் ஒரே பாஸ்வேர்டாம்! அப்படியென்றால் அங்கே வேலையை விட்டுப் போனவருக்கும் எங்கள் கணக்குகள் திறந்துதானே கிடக்கின்றன? அதற்குப் பதில் இல்லை. ஃபார்மட் பண்ணித் தருகிறோம், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள்.

தயவுசெய்து அந்த இடத்தில் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஃபார்மட் செய்தால் ஆதாரமும் சேர்ந்து போய்விடும். முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபை இருந்தால் அதையும் அணையுங்கள். ஷெட்யூலர் பதிவையும் ஃபைல் இருக்கும் இடத்தையும் படம் எடுங்கள். ரிமோட் சாஃப்ட்வேரின் லாக் ஃபைலைத் தனியாக நகல் எடுங்கள். யார் எப்போது நுழைந்தார் என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கும். லாகின் போன்றவற்றைப் பதிவு செய்யும் விண்டோஸின் செக்யூரிட்டி லாக்கையும் உடனே சேமியுங்கள். வழக்கமான அமைப்பில் அதன் அளவு 20 எம்பிதான், நிறைந்தால் பழைய பதிவுகளின் மேலேயே எழுதிவிடும். வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். கணினியில் தெரியாத அட்மின் கணக்கு ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்களுடையதில் ஒன்று இருந்தது.

தானாக ஓடுபவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டோம். அந்த பாஸ்வேர்டு யார் யாரிடம் இருந்தது என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம், இன்னும் தரவில்லை.