ட்ரேசிங் பேப்பருக்கு எந்தக் கம்?

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு அல்பம் செய்துகொண்டிருந்தேன். திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் படம் ஒட்டிய பக்கத்துக்கு வந்தபோது ஒரு குறை. ஏழு கிணறும் படத்தில் வெறும் ஏழு கிணறாகத்தான் தெரிந்தன, சுடுதண்ணீர் என்று படம் சொல்லவில்லை. சரி, ட்ரேசிங் பேப்பரைக் கையால் கிழித்து ஆவி மாதிரி மேலே ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன். கைக்கு எட்டிய இடத்தில் பைண்டர் கம், அதாவது வெள்ளைக் கம், போத்தல் இருந்தது. காய்ந்தால் நிறமே தெரியாது என்று அதிலேயே எழுதியிருந்தது.

அரை மணித்தியாலத்தில் கடதாசி புடைத்து, ஓரங்கள் மேலே எழும்பிவிட்டன. பெரிய அகராதியைத் தூக்கி மேலே வைத்தேன். விடிந்து பார்த்தால் சுருக்கங்கள் மடிப்பாகவே படிந்து, கம் பட்ட இடமெல்லாம் நத்தை ஊர்ந்த தடம். எட்டிப் பார்த்த சின்னம்மா, "என்ன பிள்ளை, இது ஆவியோ அப்பளமோ?" என்று கேட்டுவிட்டுப் போனா.

அதற்குப் பிறகுதான் கடையிலும் வீட்டிலும் கிடைத்த எல்லாவற்றையும் கறுப்பு மட்டையில் வரிசையாக ஒட்டிப் பார்த்தேன். கறுப்பில் ஒட்டினால் எந்தக் கள்ளமும் மறையாது.

கம்மில் இரண்டு வில்லங்கம் இருக்கிறது. ஒன்று தண்ணீர். ட்ரேசிங் பேப்பர் ஊடுதெரிவதற்குக் காரணமே, கூழை அளவுக்கு மீறி அரைத்து, நார்களுக்கு நடுவே காற்று இல்லாமல் நெருக்கியிருப்பதுதான். சாதாரணக் கடதாசியில் நார் ஊதினால் இடைவெளி அதை வாங்கிக்கொள்ளும். இங்கே அதற்கு இடமில்லை, முழுத் தாளும் நெளிகிறது. வெள்ளைக் கம்மில் ஏறக்குறைய பாதி தண்ணீர் என்பதால் அப்பளம் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

இரண்டாவது வில்லங்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. கடலில் தீர்த்தமாடி எழும்பியவரின் வேட்டி உடம்போடு ஒட்டிய இடத்தில் தோல் தெரியும், விலகி நிற்கும் இடத்தில் வெறும் வெள்ளைதான். அதே கதைதான் இது. தாளுக்கும் கீழே உள்ள படத்துக்கும் நடுவில் காற்று இருந்தால் மங்கல், கம் இருந்தால் தெளிவு. கம் பளிங்கு மாதிரிக் காய்ந்தாலும் அது எங்கே இருக்கிறது என்பது தெரிந்தே தீரும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத கம்மைத் தேடி அலைவதில் பயனில்லை. ஒன்றில் தாள் முழுக்க ஒரே சீராகப் பூச வேண்டும், இல்லாவிட்டால் பார்வை படாத இடத்தில் மட்டும் ஒட்ட வேண்டும்.

குளூ ஸ்டிக் இந்த விஷயத்தில் கம்மைவிடப் பரவாயில்லை. 1969இல் ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனம் கொண்டுவந்த பிரிட் தொடக்கம் இதன் வசதியே தண்ணீர் குறைவு என்பதுதான். நெளிவு குறைந்தது, ஆனால் இழுத்த கோடுகள் கறுப்பு மட்டையில் அப்படியே தெரிந்தன. வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் ஓரங்கள் கிளம்பின. மேலே ஒரு படம் வந்து மூடும் இடத்துக்கு மட்டும் இதைப் பாவிக்கலாம்.

கோதுமை மாப்பசையைப் பற்றி எனக்கு ஆசை இருந்தது. பட்டமும் வெசாக் கூடும் அந்தப் பசையில்தானே திசுத் தாளை ஒட்டி நிற்கின்றன? ஆனால் அங்கே தாளை இழுத்துப் பிடிக்க ஈர்க்கும் மூங்கிலும் இருக்கின்றன. நனைந்த தாள் காயும்போது சுருங்கி, மேளத் தோல் போல விறைத்துவிடும். அல்பத்தில் இழுத்துப் பிடிக்க யாருமில்லை. போதாக்குறைக்கு, இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து.

என்னை ஏமாற்றப் பார்த்தது, டியூப் ஒட்டும் சைக்கிள் கடைச் சொலூஷன்தான். தண்ணீர் இல்லாததால் ஒரு சுருக்கம்கூட இல்லை. வழிந்ததை விரலால் உருட்டி எடுத்துவிடலாம். அன்றைக்குப் பார்த்திருந்தால் முதல் பரிசு இதற்குத்தான். ஆனால் அப்பப்பா இதே மாதிரி ரப்பர்ச் சொலூஷனால் ஒட்டி வைத்த பத்திரிகைத் துண்டுகள் எங்கள் பெட்டியில் இருக்கின்றன. ஒட்டிய இடமெல்லாம் தேயிலைச் சாயம் ஊற்றினது போல மண்ணிறம், கறை முன்பக்கம் வரைக்கும் வந்துவிட்டது. ரப்பர் வயதானால் அப்படித்தான். ஊடுதெரிகிற தாளில் அந்தக் கறைக்கு ஒளிக்க இடமே இல்லை.

ஸ்பிரே கம் முழுத் தாளுக்கும் சீராகப் படியும், முடிவும் அழகு. விலையை விடுங்கள், தீப்பிடிக்கும் சாமான் என்பதால் அடுப்பில்லாத, காற்றோட்டமான இடம் வேண்டும். எங்கள் வீட்டு முற்றத்தில் அடித்தால் கடற்காற்று பாதியைப் பக்கத்து வீட்டுக் கொடிச் சேலையில் கொண்டுபோய் ஒட்டிவிடும்.

மிஞ்சியது டபிள் டேப். தண்ணீரும் இல்லை, நெளிவும் இல்லை. வாங்கும்போது அக்ரிலிக் பசையா என்று பாருங்கள், ரப்பர்ப் பசை உள்ளது மஞ்சளாகிவிடும். டேப் கோடாகத் தெரியும்தான், ஆனால் கோடு எங்கே விழ வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. ரிபன் வரும் இடத்திலோ, மேலே இன்னொரு படம் ஏறும் இடத்திலோ 6 மில்லிமீற்றர் டேப் போதும். நாலு பக்கமும் ஒட்டவே கூடாது. கச்சானில் இழுபட்ட தாள் மாரியில் ஈரம் குடித்து விரியும். விரிய வழியில்லாவிட்டால் நடுவில் வயிறு வைக்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் தாள் தன் பாட்டில் விரிந்து சுருங்கும். ஒட்டும்போது விரலை நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் பட்ட தடம் பிறகு போகாது.

இதெல்லாம் புது விஷயமும் இல்லை. பழைய கலியாண அல்பங்களில் கறுப்புப் பக்கங்களுக்கு நடுவே சிலந்தி வலைக் கோலம் போட்ட ஊடுதெரியும் தாள் வரும், நினைவிருக்கிறதா? அது முதுகுப் பக்கம் மட்டும்தான் கட்டப்பட்டிருக்கும். படங்களுக்குக்கூடக் கம் கிடையாது, நாலு மூலையிலும் மூலைப்பட்டிதான். எங்கள் வீட்டு அல்பத்தில் அந்தத் தாள் இன்னும் சமமாகவே கிடக்கிறது.

கம்மை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தால் ஸ்டேப்ளர் பின் பக்கம் போகாதீர்கள். உப்புக் காற்றில் அது துருப்பிடித்து, தாளில் சிவப்புப் புள்ளி வைக்கும். நூல் நல்லது. ஆனால் தையலை நெருக்கிப் போட்டால் முத்திரையின் ஓரம் மாதிரி ஓட்டை வரிசையாகி, இழுத்ததும் கிழியும். குறைந்தது ஒரு விரல்கடை இடைவெளி விடுங்கள்.

கன்னியா பக்கத்தைக் கடைசியில் திரும்பச் செய்தேன். புது ட்ரேசிங் பேப்பர், வெள்ளை நூல், கிணற்று விளிம்புக் கல்லின் நிழல் விழும் இடத்தில் மூன்றே மூன்று தையல். மேற்பக்கத்தை ஒட்டாமல் அப்படியே விட்டேன். அம்மா அந்தப் பக்கத்தைத் திறந்தபோது ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஆவி லேசாக அசைந்தது.