பாளையங்கோட்டையா, பக்கத்து ஊர்க் கல்லூரியா? பிளஸ் டூ முடிக்கும் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு

மூன்று வருடம் கழித்துக் கையில் இருக்க வேண்டிய ஒரு தாளை மனதில் வைத்துக்கொண்டு கல்லூரி தேடுங்கள். அதற்கு ஃபார்ம் 3 என்று பெயர். பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்து, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்குப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டுத் தருவது. நாட்டுக்காக ஆடினால் ஃபார்ம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடினால் ஃபார்ம் 2, பள்ளிகளுக்கான தேசியப் போட்டி என்றால் ஃபார்ம் 4. போலீஸ் வேலைக்கான சீருடைப் பணியாளர் தேர்வில் விளையாட்டுக்கு 10 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணிகளில் 3 சதவீதம். அங்கெல்லாம் இப்படிப்பட்ட படிவங்களைத்தான் கேட்பார்கள். சில இடங்களில் கலந்துகொண்டதே போதும், சில இடங்களில் முதல் மூன்று இடத்துக்குள் வந்திருக்க வேண்டும். கல்லூரி ஆண்டு விழாவில் வாங்கிய கேடயத்தை யாரும் கேட்பதில்லை.

எந்தக் கல்லூரியில் சேர்ந்தால் பல்கலைக்கழக அணிக்குள் போக வழி அதிகம் என்பதே இங்கே கேள்வி. நெல்லைச் சீமையில் பெரும்பாலான பிள்ளைகள் முன்னால் இருப்பது இரண்டு வழி. ஒன்று, வீட்டிலிருந்து போய்வரக்கூடிய சிறிய கல்லூரி: அம்பை, ஆலங்குளம், நாங்குநேரி, வள்ளியூர் பக்கம், சில நூறு பிள்ளைகள், ஒரே ஒரு உடற்கல்வி இயக்குநர். இன்னொன்று, பாளையங்கோட்டையின் பழைய கல்லூரிகள். தூய யோவான் 1878-இல் தொடங்கியது, சாராள் தக்கர் 1895, தூய சவேரியார் 1923. பெயரைச் சொன்னாலே வீட்டில் சம்மதம் கிடைத்துவிடும்.

ஆனால் இரண்டு வகையும் அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் வருகின்றன. கல்லூரிகளுக்கு இடையிலான இன்டர் காலேஜியேட் போட்டி ஒன்றே, அணித் தேர்வும் ஒன்றே. வாசல் ஒன்றாக இருக்கும்போது, அந்த வாசல் வரை உங்களை யார் கொண்டுபோய் விடுவார்கள் என்பதில்தான் வித்தியாசம். அது நீங்கள் ஆடும் விளையாட்டைப் பொறுத்து தலைகீழாக மாறும்.

தனிநபர் விளையாட்டு என்றால்

ஓட்டம், தாண்டுதல், எறிதல். இங்கே ஸ்டாப் வாட்சும் டேப்பும் பேசும். சிறிய கல்லூரிப் பையன் என்பதற்காக யாரும் ஒரு நொடி கூட்டிப் போட மாட்டார்கள். அதோடு, இன்டர் காலேஜியேட் தடகளத்தில் ஒரு நிகழ்வுக்கு ஒரு கல்லூரி இத்தனை பேரைத்தான் அனுப்பலாம் என்று வரம்பு வைப்பது வழக்கம். பெரிய கல்லூரியில் ஏற்கெனவே நல்ல 400 மீட்டர் ஓட்டக்காரர்கள் மூன்று நான்கு பேர் இருந்தால், முதல் வருடம் நீங்கள் கல்லூரிக்குள்ளேயே தங்கிவிடுவீர்கள். சிறிய கல்லூரியில் முதல் வருடமே களத்தில் நிற்கலாம். மூன்று வருடப் படிப்பில் ஒரு சீசன் என்பது மூன்றில் ஒரு பங்கு.

குறை எங்கே வரும்? கருவியில். பள்ளியில் 5 கிலோ, 6 கிலோ குண்டு எறிந்த பையன் கல்லூரிக்கு வந்ததும் 7.26 கிலோ எறிய வேண்டும். வட்டு 2 கிலோ, ஈட்டி 800 கிராம், 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தடையின் உயரம் 106.7 சென்டிமீட்டர். பள்ளியில் 91.4-இல் தாண்டிப் பழகிய காலுக்கு அது 15 சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல். இந்த எடையும் உயரமும் உள்ள கருவி ஸ்டோர் ரூமில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பழைய இரும்புக் குண்டில் எண் அழிந்துபோய் ‘7’ மட்டும் தெரியும். உள்ளே எவ்வளவு என்று சொல்ல முடியாது. பக்கத்து மளிகைக் கடையின் எலக்ட்ரானிக் தராசில் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். குண்டு 200 கிராம் குறைவாக இருந்தால், பயிற்சியில் போட்ட தூரம் போட்டியில் வராது. பையன் தன் டெக்னிக்கைக் குறை சொல்லி அதை மாற்றத் தொடங்கிவிடுவான். கெடுதல் அங்கேதான்.

அடுத்தது ஓடுபாதை. 400 மீட்டர் மண் டிராக் இருந்தால் நல்லது. பல சிறிய கல்லூரிகளில் இடம் போதாமல் 200 மீட்டர்தான் கோடு போட்டிருப்பார்கள். அதில் வளைவு இறுக்கம். வேகமாகப் போகும்போது உடம்பு உள்பக்கம் சாய்ந்து இடது காலில் பாரம் விழும். மாதக்கணக்கில் ஒரே திசையில் சுற்றினால் இடது முன்காலில் ஷின் பெயின் வரும். வார்ம் அப்பையும் மெதுவான சுற்றுகளையும் எதிர்த் திசையில் ஓடி, வேகப் பயிற்சியை நேர்க்கோட்டில் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். வாரம் ஒரு நாள் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்துக்குப் போக வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். திசையன்விளை, உடன்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தேரி மணல் இருக்கிறது. கால் பலத்துக்கு அதைவிட நல்ல இடம் இந்தச் சீமையில் கிடையாது. வாரம் இரண்டு நாள், 20 நிமிடம் போதும். தினமும் ஓடினால் குதிகால் நரம்பு இழுத்துக்கொள்ளும்.

ஆக, ஓட்டக்காரருக்கும் எறிபவருக்கும், ஊரிலேயே நல்ல பயிற்சியாளர் இருக்கிறார் என்றால், சிறிய கல்லூரி உண்மையிலேயே நல்ல தேர்வு. அப்படி ஒருவர் இல்லை என்றால் பாளை.

குழு விளையாட்டு என்றால்

இங்கே கணக்கு மாறுகிறது. கபடி அணிக்கு 7 பேர் களத்தில், 5 பேர் வெளியே. வாலிபாலுக்கும் கூடைப்பந்துக்கும் 12 பேர் கொண்ட அணி. ஃபார்மில் பெயர் எழுத 12 பேர் சேர்வதும், தினமும் மைதானத்துக்கு 12 பேர் வருவதும் வேறு வேறு. பயிற்சியில் இரண்டு பக்கமும் ஆள் இருந்தால்தான் மேட்ச் பிராக்டீஸ். எட்டுப் பேர் மட்டும் வரும் கல்லூரியில் ரெய்டர் ரெய்டு போவார். பிடிக்க எதிரே கைகோத்து நிற்கும் முழுச் சங்கிலி இருக்காது. அவர் எவ்வளவு திறமைசாலியானாலும் போனஸ் கோட்டுக்கு ஆறு ஏழு பேர் நிற்கும்போது எப்படிப் போவது என்று பழகியிருக்கவே மாட்டார்.

இன்னொன்று, நாக் அவுட். பலவீனமான அணி முதல் சுற்றிலேயே வெளியேறினால், தேர்வாளர்கள் உங்களைப் பார்ப்பது 40 நிமிடம், அதுவும் தோற்கும் ஆட்டத்தில். அரையிறுதி வரை போகும் அணியில் ஆறாவது ஏழாவது ஆளாக இருப்பவரை அவர்கள் மூன்று நான்கு ஆட்டம் பார்த்துவிடுவார்கள். நியாயம் இல்லைதான். நடப்பது இதுதான்.

கபடிக்காரர்கள் மேட் (ஆடுகளத்தில் விரிக்கும் விரிப்பு) பற்றியும் கேளுங்கள். நம் ஊர்களில் திருவிழாக் கபடி மண்ணில் நடக்கிறது. பெரிய போட்டிகள் மேட்டில். மண்ணில் வெறுங்காலோடு வழுக்கி நுழையும் ஆட்டக்காரர் மேட்டில் ஷூ போட்டு நிற்கும்போது, காலைத் தரை பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், முட்டி திரும்பாது. முட்டி ஜவ்வு கிழிவது இப்படித்தான். கல்லூரியில் சொந்த மேட் இருக்கிறதா, போட்டிக்கு ஒரு வாரம் முன் மட்டும் விரிப்பார்களா என்று கேளுங்கள். ஆண்கள் ஆடுகளம் 13க்கு 10 மீட்டர். ஆட்டம் அதுதான், ஆனால் மேட்டில் எல்லாம் சற்று வேகமாக நடக்கும். பழக இரண்டு மாதமாவது வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆள் கணக்கு இன்னும் கூர்மையானது. இருபாலர் படிக்கும் சிறிய கல்லூரியில் கபடிக்கு ஐந்து பெண்கள்தான் வந்தார்கள் என்றால் அந்த வருடம் அணியே இல்லை. எத்தனை திறமை இருந்தும் வீடுதான். போன வருடம் பெண்கள் அணி எந்தெந்த விளையாட்டில் போனது, கூட எந்த மேடம் போனார், உடை மாற்ற மைதானத்தை ஒட்டி அறை இருக்கிறதா: இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் சேர்க்கலாம். குழு விளையாட்டு ஆடும் பெண் பிள்ளைக்குப் பாளையின் மகளிர் கல்லூரிகளை முதலில் பாருங்கள் என்பதே எங்கள் கருத்து.

ஹாக்கிக்காரர்கள் இந்த ஒப்பீட்டையே கொஞ்சம் தள்ளி வைக்கலாம். அவர்கள் போக வேண்டியது செயற்கைப் புல்தரை இருக்கும் இடம். மண்ணில் பந்து துள்ளும், புல்தரையில் வழுக்கும். நிறுத்துவதும் அடிப்பதும் வேறு கை. கோவில்பட்டியில் தரையும் இருக்கிறது, ஆட்ட மரபும் இருக்கிறது. 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரனும் கார்த்தியும் அங்கே விடுதியில் தங்கிப் பயின்றவர்கள். கல்லூரியின் பெயர் இரண்டாம் பட்சம். மாலை ஐந்து மணிக்கு அந்தத் தரையில் கால் வைக்க முடிகிறதா என்பதே முதல்.

நேரில் போய்ப் பார்ப்பது

சேர்க்கை நாளில் போகாதீர்கள். அன்றைக்கு எல்லாக் கல்லூரியும் அழகாக இருக்கும். பிளஸ் டூ படிக்கும்போதே ஜனவரி, பிப்ரவரியில் ஒரு வேலை நாள், மாலை 4.45-க்குப் போய் மைதான ஓரத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். மே மாதம் போனால் விடுமுறை. ஆடு மேய்வதைத்தான் பார்க்கலாம்.

நீளம் தாண்டும் குழியைப் போய்ப் பாருங்கள். ஓர் ஆண்டின் கதையை அது சொல்லிவிடும். மணல் கிளறப்பட்டு, காலடித் தடங்களும் ரேக் இழுத்த கோடுகளும் இருந்தால் அங்கே தினமும் ஆள் தாண்டுகிறார்கள். ஓரத்தில் நெருஞ்சி படர்ந்து, மேல் மணல் அப்பளம் மாதிரி இறுகி, விரலால் குத்தினால் உடைந்தால், கடைசியாக விளையாட்டு விழாவுக்குத்தான் கிளறியிருக்கிறார்கள். டேக் ஆஃப் பலகையைக் காலால் அழுத்துங்கள். ஆடினால் அது கணுக்காலை வாங்கும். ஓடிவர 40 மீட்டர் நேர்ப்பாதை இருக்கிறதா என்று நடந்து அளந்துகொள்ளுங்கள்.

மண்ணையும் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. அணித் தேர்வும் கேம்ப்பும் வரும் காலமும் ஏறக்குறைய அதுதான். செம்மண் சரளைத் தரை ஒரு நாளில் காய்ந்துவிடும். கரிசலில் ஒரு மழை பெய்தால் நான்கைந்து நாள் ஸ்பைக்கோடு இறங்க முடியாது. மழை நாளில் எங்கே பயிற்சி என்ற கேள்விக்குச் சிறிய கல்லூரியில் பெரும்பாலும் பதில் இருக்காது.

உடற்கல்வி இயக்குநரைப் பார்த்துப் பேசுங்கள். அதைவிட முக்கியம், மைதானத்தில் இருக்கும் இரண்டாம் வருடப் பையனிடம் கேட்பது: “அண்ணே, போன வருசம் எத்தன மேட்ச் ஆடுனிய? பஸ் காசு யாரு குடுத்தா? அடிபட்டா எங்க கூட்டிட்டுப் போவாவ?” மூன்றாவது கேள்விக்கு “ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் பி.டி. சாரே கூட வந்தாரு” என்று பதில் வந்தால் அது நல்ல கல்லூரி. “வீட்டுக்குப் போன் போட்டாவ” என்றால் யோசியுங்கள்.

பஸ், சாப்பாடு, வருகை

சிறிய கல்லூரிக்குப் பெரிய பலம் தூரம். அம்பாசமுத்திரத்திலிருந்து பாளைக்குத் தினமும் போய்வந்தால் இரண்டரை மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். காலைப் பயிற்சி 5.30-க்கு என்றால் நடக்காத காரியம். விடுதியில் தங்க முடியாத பிள்ளை பாளையில் சேர்ந்தால், மாலைப் பயிற்சி ஒன்றுதான் கிடைக்கும். அதிலும் பஸ்ஸுக்காக ஆறு மணிக்கே பையை எடுப்பார். அந்த வேகத்தில் ஒரு வருடம் போனால் பெரிய கல்லூரியின் மைதானம் இருந்தும் பயன் இல்லை.

விடுதியில் தங்குவதாக இருந்தால், 7.30-க்குப் பயிற்சி முடித்து 8.15-க்கு மெஸ்ஸுக்கு வருபவருக்கு இட்லி மிச்சம் இருக்குமா என்று கேளுங்கள். சிறு விஷயம் இல்லை இது. இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு டம்ளர் பால் தனியாகக் கிடைக்குமா, காசு யார் கொடுப்பது என்பதும்.

வருகைப் பதிவு 75 சதவீதம். போட்டிக்குப் போகும் நாளுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, வந்ததாகவே கணக்கு) உண்டு என்று எல்லாரும் சொல்வார்கள். அதைத் துறைத் தலைவரும் ஒத்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். சிறிய கல்லூரியில் பி.டி. சார் நேரே போய்ப் பேசி முடித்துவிடுவார். பெரிய கல்லூரியில் கடிதம் மூன்று மேசை ஏறி இறங்கும், பிள்ளை பின்னாலேயே அலைய வேண்டும். ஆய்வகம் உள்ள பாடமென்றால் விட்ட பரிசோதனையைத் திரும்பச் செய்ய ஆள் வேண்டும். பல்கலைக்கழக அணி வரை போகும் எண்ணம் இருப்பவர்கள் வேதியியலோ இயற்பியலோ எடுக்கும் முன் இதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீ சீட் என்ற சொல்லை அப்படியே நம்பாதீர்கள். டியூஷன் ஃபீஸ் மட்டுமா, தேர்வுக் கட்டணமும் விடுதியும் மெஸ்ஸும் சேர்ந்ததா? முதல் வருடமே முட்டி போய்ப் படுத்துவிட்டால் இரண்டாம் வருடம் கட்டணம் கேட்பார்களா? வாயால் சொன்ன சலுகை, சொன்னவர் மாறியதும் போய்விடும். கல்லூரித் தாளில், முத்திரையோடு வாங்குங்கள். தர மறுத்தால் அந்தச் சலுகை இல்லை என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

மூன்றாவது வழியும் உண்டு: விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கல்லூரி மாணவர் விடுதி. தேர்வில் கிடைத்தால் யோசிக்காமல் போகலாம். உடற்கல்வி ஆசிரியராவதே ஆசை என்றால் திருச்செந்தூர் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அது ஆசிரியர் தொழிலுக்கான படிப்பு.

சேர்க்கை நேரத்தில் இரண்டு கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள். அரசுக் கலைக் கல்லூரிக் கலந்தாய்வில் விளையாட்டு உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு முதலிலேயே நாள் ஒதுக்குவார்கள், அந்தத் தேதி தவறினால் பொதுப் பிரிவுதான். சான்றிதழ்கள் எல்லாவற்றுக்கும் மூன்று ஜெராக்ஸ், போனில் ஒரு படம். அசல் டி.சி.யை ஒரு கல்லூரியில் கொடுத்த பிறகு மனம் மாறினால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. குழியையும் குண்டையும் மெஸ்ஸையும் பார்த்து முடிக்கும் வரை அது அப்பா அம்மாவின் கையிலேயே இருக்கட்டும்.