அவுட்பேக் மண் சாலைக்கு கேரவனா, கேம்பர் டிரெய்லரா?

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலமான அவுட்பேக்கில் காருக்குப் பின்னால் எதை இழுத்துக்கொண்டு போவது: சக்கரம் வைத்த வீடான கேரவனா, மடித்து விரிக்கும் கூடாரத்தைச் சுமக்கும் கேம்பர் டிரெய்லரா? முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாங்கள் வாங்கியது கேம்பர் டிரெய்லர். அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன். அந்தச் சாய்வுக்குக் கொஞ்சம் கழிவு போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

தார் ரோட்டை விட்டு இறங்கும் எண்ணமே இல்லையென்றால் இந்த அலசல் உங்களுக்குத் தேவையில்லை. போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை 2,700 கிலோமீட்டர் சொச்சம். 1987-லேயே முழுக்கத் தார் போட்டு முடித்துவிட்டார்கள். கூபர் பெடி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், உலுரு எல்லாவற்றுக்கும் தாரிலேயே போகலாம். அதற்குச் சாதாரண கேரவன் போதும், வாடகை மோட்டார்ஹோமும் (வீடும் வண்டியும் ஒன்றாக இருப்பது) போதும். மோட்டார்ஹோம் எடுத்தால் மண் சாலையில் இறக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இருக்கும், அதை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நான் பேச வருவது தெற்கு ஆஸ்திரேலியாவில் மாரியிலிருந்து மார்லா வரை போகும் ஊட்னடாட்டா டிராக் மாதிரியான மண் சாலைகளைப் பற்றி. சுமார் 620 கிலோமீட்டர், பழைய கான் ரயில்பாதையை ஒட்டியே போகும். வழியில் ஏர் என்ற உப்பு ஏரியின் தென்பகுதி வெள்ளையாகப் பளபளக்கும். கவர்ட் ஸ்பிரிங்ஸில் பூமிக்குள்ளிருந்து பொங்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்துகொள்ளலாம். காய்ந்திருக்கும்போது பயப்படும்படியான சாலை இல்லை. தொல்லையெல்லாம் அந்த அலைவரிகள்தான். வண்டிச் சக்கரங்கள் துள்ளித் துள்ளி விழுந்து, சாலைக்குக் குறுக்கே வரிசையாக மேடு தட்டிப் போயிருக்கும். சாலையைச் சமன் செய்யும் கிரேடர் வண்டி வந்து வழித்துவிட்டுப் போனால் கொஞ்ச நாளைக்கு நன்றாக இருக்கும், அப்புறம் பழையபடி ஆகிவிடும். அதன் மேல் மணிக்கணக்கில் ஓட்டும்போது பின்னால் வருவது என்ன பாடுபடுகிறது என்பதில்தான் கேரவனா கேம்பரா என்பது முடிவாகிறது.

கேரவன் என்பது ஒரு வீடு. அலமாரி, ஃபிரிட்ஜ், அடுப்பு, மைக்ரோவேவ், ஷவர், டாய்லெட், அவற்றுக்கெல்லாம் குழாய், ஒயர், கீல், கொக்கி. ‘ஆஃப்ரோடு’ என்று பக்கவாட்டில் ஒட்டியிருப்பது பல மாடல்களில் சேஸிக்கும் சஸ்பென்ஷனுக்கும் மட்டும்தான் பொருந்தும். உள்ளே இருக்கும் பிளைவுட் அதே பிளைவுட்தான். வில்லியம் க்ரீக்கில் எங்கள் பக்கத்தில் நிறுத்தியிருந்த வயதான தம்பதியின் கேரவனை எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா தரையில் கிடந்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டீ கப்பில் போட்டுக்கொண்டிருந்தார். எது எங்கிருந்து கழன்றது என்று இருவருக்கும் தெரியவில்லை. மேல் அலமாரிக் கதவு ஒன்று திறந்துகொண்டதில் மாவும் பாஸ்தாவும் மெத்தை முழுக்க. அதற்கு மேல் செம்மண் புழுதி, டால்கம் பவுடர் மாதிரி.

அந்தப் புழுதியைப் பூட்டித் தடுக்க முடியாது. கதவு ரப்பர், ஜன்னல் ஓரம், ஃபிரிட்ஜுக்குப் பின்னாலுள்ள காற்றுத் துளை என்று எங்கே இடுக்கு இருந்தாலும் உள்ளே வரும். கூரையில் வடிகட்டியோடு காற்றை உள்ளே தள்ளும் மூடி வைத்துக்கொண்டால் குறையும், நிற்காது. கேம்பரிலும் புழுதி வரும். ஆனால் உதற வேண்டியது ஒரு மெத்தையும் நாலு பெட்டியும்தான்.

எங்கள் டிரெய்லர் ஓர் இரும்புப் பெட்டி, மேலே மடித்த கேன்வாஸ், பக்கத்தில் இழுத்தால் வெளியே வரும் அடுப்படி, அடியில் தண்ணீர் டேங்க். கழல்வதற்கு அதில் அதிகம் இல்லை. நிறுத்தும் இடத்திலெல்லாம் முதல் வேலையாக வீல் ஹப்பில் கை வைத்துப் பார்ப்பேன். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் போகப்போகிறது. சாயங்காலம் ஒரு பழைய பாயை விரித்து அடியில் படுத்து, லீஃப் ஸ்பிரிங் போல்ட், ஷாக் அப்சார்பர் போல்ட் எல்லாவற்றிலும் ஸ்பேனர் வைத்துப் பார்ப்பேன். இரண்டு சக்கரம், கால் மணி நேர வேலை. பெரிய கேரவன்களில் நான்கு சக்கரம், அதாவது எல்லாம் இரட்டை. அது முடிந்ததும் உள்ளே போய் அலமாரி அலமாரியாகப் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது நான் பிடிவாதமாக நின்றது ஒரே விஷயத்தில்: டிரெய்லரின் சக்கரமும் காரின் சக்கரமும் ஒரே அளவு, ஒரே போல்ட் அமைப்பாக இருக்க வேண்டும். அப்படியிருந்தால் ஸ்டெப்னி இரண்டுக்கும் பொது. அடுத்த டயர் கடை 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரில் இதன் அருமை தெரியும்.

எடைக் கணக்கு தனி. டபுள் கேப் யூட் (பின்னால் திறந்த தட்டும் இரண்டு வரிசை இருக்கையும் உள்ள பிக்கப் வண்டி) விளம்பரங்களில் 3,500 கிலோ இழுக்கும் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். வண்டியும் இழுவையும் சேர்ந்து இவ்வளவுதான் என்று இன்னொரு வரம்பு இருக்கிறது, அதைப் பார்ப்பவர்கள் குறைவு. அது 6,000 கிலோ என்று வையுங்கள். சாமான் ஏற்றிய கேரவன் 3,300 என்றால் யூட்டுக்கு மிச்சம் 2,700. வெறும் யூட்டே 2,200-க்கு மேல் வரும். நாலு பேர், முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்பான புல் பார், டீசல், தண்ணீர் கேன், கருவிப்பெட்டி சேர்த்தால் வரம்பு தாண்டிவிடும். எங்கள் டிரெய்லர் எல்லாம் ஏற்றியும் ஒன்றரை டன்னுக்குள். டீசல் செலவும் அதற்கேற்ற மாதிரிதான். எதிர்காற்று அடிக்கும் நாளில் உயரமான கேரவனை இழுப்பவர்கள் பெட்ரோல் பங்கில் நிற்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

கேம்பரில் எரிச்சல் இல்லையா? இருக்கிறது. கார் டயர் வாரியடிக்கும் கல் டிரெய்லரின் முகப்பில் பட்டுத் திரும்பி, காரின் பின்கண்ணாடியை உடைக்கும். முன்னால் வலை கட்டியே ஆக வேண்டும். கேன்வாஸை ஈரத்தோடு மடித்து இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அப்புறம் ஈ. பகலில் வெளியே நின்று சமைப்பது ஈயோடு நடத்தும் யுத்தம். கொசுவலை கட்டிய கேரவனுக்குள் அந்தத் தொல்லை கிடையாது. (ஆனால் உள்ளே கடுகு, வெங்காயம் தாளித்தால் தலையணை நாலு நாளைக்கு மணக்கும். இதை எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார்.)

அங்கே குளிர்காலமான ஜூலை மாத இரவுகளில் குளிர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போகும். மாமியார் எங்களோடு வந்தபோது, விடியற்காலையில் ஏணியில் இறங்கி டார்ச் அடித்துக்கொண்டு கழிவறை தேடுவது அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. “பேசாம வீடு மாதிரி ஒண்ணு வாங்கியிருக்கலாமே மாப்பிள்ளை” என்றார். பெரியவர்களோ கைக்குழந்தையோ கூட வந்தால் அவர் சொல்வதுதான் சரி. அதற்கு நடுவழி ஒன்று உண்டு: கேரவனைத் தார் ரோட்டு ஊர் ஒன்றின் கேரவன் பார்க்கில் விட்டுவிட்டு, காரும் கூடாரமுமாக மண் சாலைக்குப் போய்த் திரும்புவது. வடமேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பக்கம் கிப் ரிவர் ரோட்டுக்கு இப்படிப் போகிறவர்கள் நிறைய. நான் அந்தச் சாலையில் ஓட்டியதில்லை, அதனால் அங்கே கேம்பர் எப்படித் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

மறுவிற்பனையிலும் என் அனுபவம் பூஜ்யம், இன்னும் எங்களுடையதை விற்கவில்லை. பழைய கேம்பர்களின் விளம்பரங்களைப் பார்த்தால் விலை வேகமாக இறங்குவது போலத்தான் தெரிகிறது. நல்ல பெயருள்ள கேரவன்கள் அவ்வளவு இறங்குவதில்லை. பணத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது கேரவன் பக்கத்துப் புள்ளி.

எதை வாங்குவதானாலும் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். கேம்பர் என்றால், காற்று அடிக்கும் சாயங்காலத்தில் கணவனும் மனைவியுமாகக் கேன்வாஸை விரித்து, காலையில் மடியுங்கள். அதன் பிறகும் பேச்சுவார்த்தை இருந்தால் தாராளமாக வாங்கலாம்.