ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டம்: மூன்றாவது பெல்ட்டுக்குப் பிறகு

“டிஸ்க் சிஸ்டம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். என் பெட்டிக்குப் பெல்ட் மாற்றி, டிஸ்க்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலைச் சரிசெய்து, மூடி போட்ட கையோடு வந்த கேள்வி. பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிண்டெண்டோவின் ஃபேமிகாம் வீடியோ கேம் எந்திரத்தில் ஆட்டங்களை டிஸ்க்கிலிருந்து ஓட்ட, 1986 பிப்ரவரி 21 அன்று 15,000 யென் விலையில் ஜப்பானில் வந்த சிவப்புப் பெட்டி இது என்பதும், ஃபேமிகாமின் கேட்ரிட்ஜ் வாயில் ரேம் அடாப்டரைச் செருகி அதிலிருந்து டிரைவுக்குக் கேபிள் போகும் என்பதும் இதைத் தேடிப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி. தெரியாமல் போவது பெல்ட். டிரைவின் வயிற்றில், மோட்டாரின் சின்னக் கப்பியிலிருந்து பெரிய சக்கரத்துக்கு ஓடும் ஒரு ரப்பர் வளையம். டிஸ்க் சுற்றுவதும் அதைப் படிக்கும் ஹெட் நகர்வதும் அந்த ஒரே வளையத்தால்தான்.

அது அறுவதில்லை, உருகிவிடுகிறது. பழைய டேப் ரெக்கார்டர்களைத் திறந்தவர்களுக்கு இந்த நோய் தெரியும். ரப்பர் முதலில் தளரும், பிறகு ஒட்டும், கடைசியில் தார்போலக் கப்பியில் அப்பிக்கொள்ளும். ஓடாமல் சும்மா வைத்திருந்தாலும் இதே கதிதான். முத்திரை உடையாத பெட்டி என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இதை நன்றாக மனதில் வைக்க வேண்டும். பெட்டி புதிது, பெல்ட்டுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. ஃபேமிகாமையும் டிஸ்க் சிஸ்டத்தையும் ஒரே பெட்டியில் சேர்த்து ஷார்ப் நிறுவனம் 1986 ஜூலையில் விற்பனைக்குக் கொண்டுவந்த ட்வின் ஃபேமிகாமிலும் இதே வகை டிரைவ்தான், அதனால் அதற்கும் இதே சிக்கல்.

ஜப்பானியப் பழைய பொருள் விற்பனையில் ‘ஜங்க்கு’ என்று போட்டிருந்தால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் திருப்பி எடுக்க மாட்டோம் என்று அர்த்தம். அது நேர்மையான சொல், அதில் குறையில்லை. ஏமாற்றுவது ‘சூடென் ககுனின்’ என்ற சொற்றொடர். மின்சாரம் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்தோம் என்பதுதான் அதன் பொருள். டிஸ்க் சிஸ்டத்தில் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. பெல்ட் உருகிப்போன டிரைவிலும் சிவப்பு விளக்கு எரியும், மோட்டார் உறுமும், ஆனால் ஹெட் அசையாது. மொழிபெயர்ப்பில் ‘இயக்கம் சரிபார்க்கப்பட்டது’ என்று வந்தாலும் எந்த டிஸ்க்கைப் போட்டு, எந்தப் பக்கத்தை, எத்தனை முறை படிக்க வைத்தார்கள் என்று கேட்டுவிடுங்கள். ‘பெல்ட் மாற்றியது’ என்ற வரியும் பாதி உண்மைதான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பெல்ட் மாற்றும் வேலை உண்மையில் சின்னது. அடித்தட்டைக் கழற்றி, டிரைவை வெளியே எடுத்துத் திருப்பினால் கப்பியும் சக்கரமும் கண்ணுக்குத் தெரியும். நேரம் போவது சுத்தம் செய்வதில். கறுப்புப் பசையை மரக் குச்சியால் மெல்லச் சுரண்டி, மிச்சத்தை 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் எடுக்க வேண்டும். பட்ஸ் கறுக்காமல் வெள்ளையாகவே வெளியே வரும்வரை நிறுத்தக் கூடாது. மோட்டார் கப்பியின் பள்ளத்தில் கடுகளவு பசை ஒட்டியிருந்தாலும் போதும், புதுப் பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் அங்கே ஏறி இறங்கும், வேகம் துள்ளும். சுத்தம் செய்த பிறகு அந்தப் பள்ளத்தை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெயே வழுக்கலுக்குப் போதும். ஹெட் நகரும் தண்டில் பழைய கிரீஸ் மெழுகுபோல இறுகியிருக்கும். அதைத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். தெளிக்கும் எண்ணெய் எதையும் உள்ளே காட்டவே கூடாது. அது பரவிப் பெல்ட்டுக்கும் டிஸ்க்குக்கும் போய்ச் சேரும்.

மாற்றுப் பெல்ட் வாங்கும்போது இந்த டிரைவுக்கென்றே விற்பதை வாங்குங்கள். கைக்குக் கிடைத்த கேசட் பெல்ட்டைப் போட்டால் சுற்றும், ஆனால் சரியாகச் சுற்றாது. இறுக்கமாக இருந்தால் மோட்டார் திணறி வேகம் குறையும், தளர்ந்திருந்தால் ஓட்டத்தின் நடுவே வழுக்கும். என் டிரைவில் இருந்த இரண்டாவது பெல்ட் இறுக்கமான ரகம். சில டிஸ்க்குகள் ஓடின, சில ஓடவில்லை, பழியெல்லாம் டிஸ்க் மேல் விழுந்தது. டிஸ்க் பாவம், அதில் ஒரு குறையும் இல்லை.

இனிதான் உண்மையான தலைவலி. சாதாரண ஃபிளாப்பியில் வட்ட வட்டமாகத் தடங்கள் இருக்கும். இதில் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு தடம், இசைத்தட்டைப் போலச் சுருளாக ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை. ஆனால் இசைத்தட்டில் ஊசியைப் பள்ளமே இழுத்துக்கொண்டு போகும். இங்கே பள்ளம் கிடையாது, ஹெட்டை நகர்த்துவது பல்சக்கரம். டிஸ்க் ஒரு சுற்று சுற்றினால் ஹெட் ஒரு தட இடைவெளி நகரும். டிஸ்க்கின் நடுத்தட்டு ஸ்பிண்டிலின் முளையில் ஒரே ஒரு நிலையில்தான் மாட்டும். ஆக, டிஸ்க் எந்தக் கோணத்தில் நிற்கும்போது ஹெட் கிளம்புகிறது என்பதுதான் எல்லாமே. ஸ்பிண்டில் அரைச் சுற்று பிசகினால் ஹெட் கடைசிவரை இரண்டு தடங்களுக்கு நடுவிலேயே பயணம் செய்யும். மோட்டார் ஓடும், விளக்கு எரியும், ஒரு எழுத்துகூடப் படிக்காது.

பெல்ட் மாற்றும்போது அந்தப் பல்சக்கரம் கொஞ்சம் விலகினாலும் இந்தக் கோணம் போய்விடும். ‘பெல்ட் மாற்றியது’ பாதி உண்மை என்று சொன்னது இதற்காகத்தான். அதனால் எதையும் கழற்றுவதற்கு முன்பே சக்கரத்திலும் சட்டத்திலும் மெல்லிய மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள், இரண்டு படமும் எடுத்துவையுங்கள். கோணம் போய்விட்டால் இதுதான் வழி. ஸ்பிண்டிலைத் தண்டோடு பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவை அரைத் திருப்பு தளர்த்துங்கள். தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்பிண்டிலை மட்டும் ஒரு சில டிகிரி திருப்பி, ஸ்க்ரூவை இறுக்கி, டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள். ஓடவில்லையென்றால் இன்னும் ஒரு சில டிகிரி. திருப்பும்போது ஸ்பிண்டிலின் உயரம் மாறக் கூடாது. கீழே இறங்கினால் டிஸ்க் சரியாக உட்காராது, மேலே ஏறினால் உறையில் உரசும். பழைய உயரத்தைத் தண்டில் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து முறையிலும் அமையலாம், நாற்பது முறையும் ஆகலாம். முதல் முறை படித்த கோணத்தோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தக் கோணத்தில் படிக்கத் தொடங்குகிறது, எந்தக் கோணத்தில் நின்றுபோகிறது என்று இரண்டு ஓரத்தையும் பார்த்து, நடுவில் இறுக்குங்கள். ஓரத்தில் விட்டால் நாலு மாதத்தில் மறுபடி மூடியைத் திறக்க வேண்டிவரும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சரிபார்த்து முடிக்கும்வரை எந்த ஆட்டத்தையும் சேவ் செய்யாதீர்கள். கோணம் பிசகிய டிரைவ் தன் பிசகிய இடத்திலேயே எழுதும், அதைத் தானே படித்தும் காட்டும். எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். நாளைக்குக் கோணத்தைத் திருத்தியதும் அந்த டிஸ்க் படிக்காது. முப்பது வருடத்துக்கு மேல் நல்லபடியாக இருந்த பதிவை ஒரு சேவ் கெடுத்துவிடும். சோதனைக்கு, வேறு வேறு இடங்களிலிருந்து வந்த மூன்று டிஸ்க்காவது வேண்டும். மூன்றின் இரண்டு பக்கமும் படித்தால்தான் டிரைவ் சரி.

திரையில் வரும் பிழை எண்கள் நல்ல துணை. 01 என்றால் டிஸ்க் சரியாக உட்காரவில்லை. 02 என்றால் மின்சாரம் போதவில்லை. 03 என்றால் எழுதவிடாமல் தடுக்கும் முளை உடைக்கப்பட்டிருக்கிறது. 07 என்றால் பக்கத்தை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். 20 முதல் மேலே உள்ளவை பெரும்பாலும் படிப்பதில் வரும் கோளாறுகள். பெல்ட் மாற்றிய பிறகு 21, 22, 27 ஆகியவைதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். எந்த டிஸ்க் போட்டாலும் 21 அல்லது 22 வந்தால் தொடக்கமே தவறு, ஸ்பிண்டில் கோணத்தைப் பாருங்கள். கொஞ்சம் படித்துவிட்டு 27-இல் விழுந்தால் முதலில் ஹெட்டை ஆல்கஹாலால் துடையுங்கள், பிறகு பெல்ட் வழுக்குகிறதா என்று பாருங்கள். மோட்டாரின் வேகத்தைத் திருத்தும் இடத்தில் கை வைப்பது கடைசி வேலை. பலரும் அதைத்தான் முதலில் திருகுகிறார்கள், பிறகு எது பிசகியது என்றே தெரியாமல் நிற்கிறார்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. டிரைவுக்கு ஆறு சி அளவு பேட்டரி போடலாம், மொத்தம் 9 வோல்ட். வந்ததும் பேட்டரி அறையைத் திறந்து, தகடுகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபேமிகாமின் அடாப்டர் வேறு, டிரைவின் அடாப்டர் வேறு. இரண்டுமே ஜப்பானின் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. 220 வோல்ட் ஓடும் வீட்டில் நேராகச் செருகினால் அதோடு முடிந்தது. ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டிசி, நடுமுனை எதிர்மின். மாற்று அடாப்டர் வாங்கும்போது பலரும் தவறுவது இந்த நடுமுனையில்தான்.

டிஸ்க்குகள் அழகானவை. உள்ளங்கையில் அடங்கும் மஞ்சள் அட்டை, கீழ் ஓரத்தில் குழிந்த நிண்டெண்டோ எழுத்துகள். அந்தக் குழிவு அலங்காரத்துக்கு இல்லை, போலி டிஸ்க் டிரைவில் உட்காராமல் தடுக்க வைத்த ஏற்பாடு. மஞ்சள் டிஸ்க்குகளுக்கு மூடித் திறக்கும் ஷட்டர் கிடையாது, காந்தப் படலம் திறந்தே கிடக்கும். உறையில்லாத டிஸ்க்கை வாங்காதீர்கள். படலத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறப் புள்ளியோ பூஞ்சைத் திட்டோ இருந்தால் டிரைவில் போடவே கூடாது. ஒரு டிஸ்க்கின் பூஞ்சை ஹெட்டில் ஏறினால் அடுத்து வரும் நல்ல டிஸ்க்கையும் கீறும். இன்னொன்று: அந்தக் காலத்தில் கடையில் இருந்த எந்திரத்தில் 500 யென் கொடுத்து டிஸ்க்கில் வேறு ஆட்டத்தை எழுதிக்கொள்ளலாம். நிண்டெண்டோ இந்தச் சேவையை 2003 வரை வைத்திருந்தது. அதனால் மேலே ஒட்டிய பெயரும் உள்ளே இருக்கும் ஆட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. விற்பவரிடம் திரையின் படத்தைக் கேளுங்கள்.

இத்தனை குறைக்கும் நடுவே, இந்தப் பெட்டியை அலமாரியில் ஏற்ற விடாத ஒன்று இருக்கிறது. அது ஒலி. ஃபேமிகாமின் ஐந்து ஒலித்தடங்களோடு ஆறாவதாக ஒன்றை டிஸ்க் சிஸ்டம் சேர்க்கிறது. 64 படிகள் கொண்ட ஓர் அலையை ஆட்டமே எழுதிக்கொடுக்கலாம், அந்த அலையை அதிர வைக்கவும் செய்யலாம். தி லெஜெண்ட் ஆஃப் ஜெல்டாவின் தொடக்க இசையை டிஸ்க்கில் ஒரு முறையும், வெளிநாட்டுக் கேட்ரிட்ஜில் ஒரு முறையும் கேளுங்கள். டிஸ்க்கில் மணியின் நாக்கு தட்டி அடங்குவது போன்ற ஒரு சுநாதம் மேலே மிதக்கும். கேட்ரிட்ஜில் அது இல்லை. மெட்ராய்டிலும் அப்படித்தான். அந்த ஆட்டத்தில் டிஸ்க் இருந்தால் சேவ் செய்யலாம், வெளிநாட்டுப் பதிப்பில் நீளமான கடவுச்சொல்லைத் தாளில் எழுதிவைக்க வேண்டும். ஆட்டம் ஏறும்போது ஏழு விநாடி போலக் காத்திருக்கிறோம், ஹெட் ‘டக்’ என்று திரும்பி வந்து நிற்கிறது, உடனே அந்த இசை. டிஸ்க் இல்லாமல் ஸ்விட்ச் போட்டால் மரியோவும் லூய்கியும் விளக்கை ஏற்றி அணைத்து ஓடிப் பிடித்து விளையாடும் திரை இருக்கிறதே, அதைப் பார்க்கவே பலமுறை ஸ்விட்ச் போடலாம்.

ஆனால் கவனியுங்கள். அந்த ஒலிச் சில்லு டிரைவில் இல்லை, ரேம் அடாப்டரில் இருக்கிறது. மரியோவும் லூய்கியும் ஓடும் திரையும் அங்கேதான். ஆட்டம் வந்து தங்கும் 32 கிலோபைட் நினைவகமும் அங்கேதான். மனதைப் பிடித்தது எல்லாம் கறுப்பு அடாப்டருக்குள் இருக்க, டிரைவின் பங்கு மோட்டாரும் ஹெட்டும் அந்தப் பாழாய்ப்போன பெல்ட்டும்தான். டிரைவுக்குப் பதிலாக அடாப்டரின் கேபிளில் மாட்டும் ஃபிளாஷ் நினைவகக் கருவிகள் கிடைக்கின்றன. ஒலி அதேதான், காத்திருப்பும் ஏறக்குறைய அதேதான், பெல்ட்டும் கோணமும் தரும் பிழை எண்கள் கிடையாது. அடாப்டரை ஜப்பானிய ஃபேமிகாமில் போடுங்கள். 1993 டிசம்பரில் வந்த ஏவி வெளியீடு உள்ள ஃபேமிகாம் இன்னும் நல்லது, டிவியின் ஆன்டெனா வழியே போகும் பழையதன் ஆர்எஃப் வெளியீட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஃபேமிகாமின் வெளிநாட்டு வடிவமான, 72 முனை கொண்ட என்இஎஸ் எந்திரத்தில் முனை மாற்றியைப் போட்டு ஓட்டினால் ஆட்டம் ஓடும், அந்த ஆறாவது தடம் மட்டும் வராது. கேட்ரிட்ஜ் வாயில் ஒலி போகும் முனைகள் அங்கே அப்படி அமைக்கப்படவில்லை.

அதனால் நண்பருக்குப் பதில்: டிரைவை வாங்காதீர்கள். அடாப்டரை மட்டும் தனியாக வாங்குங்கள். கேபிளின் கழுத்தில் வெடிப்பு இருக்கிறதா, முனைகளில் துரு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

டிரைவும் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், ஒரு டிஸ்க்கின் ஏ பக்கமும் பி பக்கமும் அடுத்தடுத்து ஏறும் காணொளியை, இடையில் வெட்டு இல்லாமல், விற்பவரிடம் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் பெல்ட் உருகிய டிரைவுக்கு உரிய விலையை மட்டும் சொல்லுங்கள். “அப்போ உங்க டிரைவை எனக்குக் கொடுத்துடுங்களேன்” என்றார் நண்பர். அது முடியாது. நேற்று மூன்று டிஸ்க்கும் ஆறு பக்கமும் முதல் முயற்சியிலேயே படித்தன.